விடியலுக்கு முன் விரியும் வானம்

(தோட்டத் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் தகவல் அதிகாரி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்று மாலை விண்மீன்களைப் பற்றிய பேச்சு நடைபெறும் என்று பெரட்டில் அறிவிக்கப்பட்டபோது, "அது படித்தவர்கள் பார்க்க வேண்டிய காரியமாயிற்றே, நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்டதாக அறிகிறேன். நியாயமான கேள்விதான். அதற்குரிய விடையைச் சுற்றி வளைக்காமல் முதலிலேயே கூறிவிடுகிறேன். இந்நாட்டில் வானத்தைக் காண்பதற்கு ஏற்ற இடமும், ஏற்ற வேளையும், தொழிலின் பொருட்டே ஒருவருக்கு அமைந்திருக்கின்றன என்றால், அவர் பால்மரத் தொழிலாளியே ஆவார். நகரத்தில் வாழ்பவர் மாடிமீது ஏறி நின்றாலும் தெரு விளக்குகளின் ஒளியில் பத்து இருபது விண்மீன்களைக் காண்பதே அரிது. நீங்களோ உலகம் உறங்கும்போதே எழுந்து, விடிவதற்கு முன்பே இருளில் நடக்கிறீர்கள். உங்கள் தலைக்கு மேலே இருப்பதைக் காண ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் விடுமுறை எடுத்துக்கொண்டு, கையிலிருந்து பணமும் செலவழித்துக்கொண்டு, பாலைவனங்களுக்கும் மலையுச்சிகளுக்கும் செல்கிறார்கள்.

வட நாடுகளில் செப்டம்பர் பிற்பகுதி முதல் டிசம்பர் வரையுள்ள காலத்தை இலையுதிர்காலம் என்பர். நமக்கு இலையுதிர்காலம் என்றதும் நினைவுக்கு வருவது வேறு. பால்மரங்கள் இலையை உதிர்த்து நிற்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களும், அப்போது குறையும் பாலும், பாலோடு சேர்ந்து குறையும் சம்பளமுமே நம் நினைவில் நிற்பவை. ஆயினும் வட நாட்டார் இலையுதிர்கால வானம் என்று போற்றும் அதே விண்மீன்களே அக்டோபர், நவம்பர் மாதங்களில் நம் வானத்திலும் உலவுகின்றன. சொல்லப்போனால் நாம் காண்பது அவர்கள் காண்பதைவிட மிகுதி. வடக்கே வெகுதூரத்தில் உள்ளவருக்குத் தென் வானத்தின் பெரும்பகுதி எந்நாளும் தெரிவதில்லை. தெற்கே உள்ளவருக்கு வட வானம் தெரிவதில்லை. நம் நாடு பூமியின் நடுக்கோட்டை ஒட்டி அமைந்திருப்பதால், ஓர் ஆண்டு முழுவதும் பார்த்து வருபவருக்கு ஏறக்குறைய எல்லா விண்மீன்களும் தரிசனம் தந்துவிடும்.

இம்மாதங்களில் பிற்பகலிலும் மாலையிலும் இடியுடன் மழை பெய்வது வழக்கம். ஆகவே முன்னிரவில் வானம் பெரும்பாலும் மூடிக்கிடக்கும். மூடாத இரவு ஒன்று கிடைத்தால், நவம்பர் நடுவில் இரவு ஒன்பது மணியளவில் உச்சிக்குச் சற்று வடக்கே நோக்குங்கள். நான்கு விண்மீன்கள் பெரிய சதுரமாக நிற்கும். அச்சதுரத்திலிருந்து வடகிழக்காகச் சென்றால், நல்ல இருளில் மட்டும், மங்கலான ஒரு வெண்புகைத் துணுக்குத் தென்படும். பாரசீக நாட்டு அறிஞர் அல்-சூஃபி 964-ஆம் ஆண்டளவில் எழுதிய நூலில் இதனைச் சிறிய மேகம் என்று குறித்து வைத்தார். மேகமாகத் தெரியும் அது, கோடானுகோடி விண்மீன்கள் கூடிய ஒரு மண்டலம். அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறக்குறைய 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. கருவி எதுவுமின்றி மனிதக் கண் எளிதில் காணக்கூடிய பொருள்களுள் மிகத் தொலைவில் இருப்பது இதுவே எனலாம்.

ஆனால் உங்களுக்கு உரிய வானம் விடியற்கால வானம். மாலையில் பெய்த மழை நள்ளிரவுக்குள் ஓய்ந்து, தூசும் புகையும் கழுவப்பட்டு, அதிகாலையில் வானம் துலக்கிய பாத்திரம்போல் விளங்கும். மரப்பட்டை நனைந்திருந்தால் வெட்டு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே வெட்டு உள்ள நாளின் விடியற்காலை பெரும்பாலும் வானமும் தெளிந்த விடியற்காலையாகவே இருக்கும். பால் நன்றாக ஒழுகுவதற்காக வகுக்கப்பட்ட நேரம் விண்மீன் காண்பதற்கும் பொருந்தி வந்திருக்கிறது.

அக்டோபர் நடுவில் காலை ஐந்து மணிக்கு வீட்டு வாசலில் நின்று தலையை நன்றாக அண்ணாந்து பாருங்கள். ஏறக்குறைய நேர் உச்சியில், நெருக்கமாக, ஒரே வரிசையில் மூன்று விண்மீன்கள் தெரியும். இம்மூன்றையும் நீங்கள் அறிவீர்கள். பெயர் அறியாமல் இருக்கலாம். மேனாட்டார் இவற்றை ஓரியன் என்னும் வேட்டைக்காரனின் இடைக்கச்சு என்பர். அக்கச்சுக்கு வடக்கே செந்நிறமாக ஒளிர்வது நம்மவர் திருவாதிரை என்று போற்றுவது. கச்சுக்குத் தெற்கே ஏறக்குறைய அதே தொலைவில் நீலம் கலந்த வெண்ணிறத்தில் மற்றொன்று மின்னும். இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். பட்டறையில் இரும்பைக் காய்ச்சும்போது முதலில் சிவந்து, சூடு ஏற ஏற வெளுப்பதைக் கண்டிருப்பீர்கள். விண்மீன்களுக்கும் அதுவே விதி. சிவந்து தெரிவது வெப்பம் குறைந்தது; நீலமாகத் தெரிவது வெப்பம் மிகுந்தது.

கச்சின் கீழே தெற்கு நோக்கித் தொங்கும் வாளின் நடுவில் ஒரு மங்கல் இருக்கும். அது புகைபோன்ற வாயுத் திரள்; அதனுள் புதிய விண்மீன்கள் இப்போதும் பிறந்துகொண்டிருக்கின்றன. கச்சிலிருந்து வடமேற்காகச் சென்றால் செந்நிற ரோகிணியும், அதற்கப்பால் சிறு கொத்தாக கார்த்திகையும் தெரியும். முருகப்பெருமானை வளர்த்த தாயர் அறுவர் என நாம் வணங்கும் அறுமீன் அதுதான். கூரிய பார்வையுடையோர் ஆறுக்கு மேலும் எண்ணுவர். கச்சிலிருந்து தென்கிழக்காக வந்தால், இரவு வானத்து விண்மீன்கள் அனைத்திலும் ஒளி மிகுந்த சிரியஸ். அதன் ஒளி நம்மிடம் வந்து சேர எட்டரை ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகிறது. இந்த மண்டபத்தில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் கைக்குழந்தைகளாய் இருந்தபோது புறப்பட்ட ஒளியை நாளை காலையில் அவர்களுடைய பெற்றோர் காண்பார்கள். தெற்கே, மரங்களுக்கு மேலே, தனியாக நின்று ஒளிவிடுவது அகத்தியர் விண்மீன். ஒளியில் இரண்டாம் இடம் அதற்கே. வட ஜப்பானில் இருப்பவர்களுக்கு அது அடிவானத்துக்கு மேல் எழுவதே இல்லை.

கடிகாரம் இல்லாத காலத்தில் விண்மீன் சாய்வதைப் பார்த்து உலை வைத்ததாக முதியவர்கள் சிலர் கூறக் கேட்டிருக்கிறேன். அதில் உண்மை உண்டு. ஒரு திருத்தமும் உண்டு. விண்மீன் ஒவ்வொன்றும் நாள்தோறும் ஏறக்குறைய நான்கு நிமிடம் முன்னதாக உதிக்கிறது. மாதத்திற்கு இரண்டு மணி நேரம் ஆகிவிடும். அக்டோபர் நடுவில் ஐந்து மணிக்கு உச்சியில் நின்ற அந்த மூன்று மீன்கள், நவம்பர் நடுவில் அதே மணிக்கு மேற்கே நன்றாகச் சாய்ந்திருக்கும். சிரியஸ் உச்சியை நெருங்கியிருக்கும். ஜனவரி நடுவில் மூன்று மீன்களும் மேற்கே அடிவானத்தில் மறைந்துகொண்டிருக்கும். நாள்தோறும் ஒரே மணிக்கு ஒரே வாசலைக் கடந்து வேலைக்குச் செல்பவருக்குத்தான் இந்த நகர்வு தெளிவாகத் தெரியும். 1982 ஜனவரி முதல் நாளில் தீபகற்பத்தில் நாம் நம் கடிகாரங்களை அரைமணி நேரம் முன்னால் தள்ளி வைத்தோம். அந்த உத்தரவு விண்மீன்களுக்கு எட்டவில்லை என்பதை அன்றைய விடியற்காலையில் எழுந்தவர்கள் கண்டிருப்பார்கள்.

அக்டோபர் 20 முதல் 22 வரையிலான விடியற்காலைகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்நாட்களில், திருவாதிரைக்கு அருகிலிருந்து புறப்படுவனபோல எரிமீன்கள் நாலா பக்கமும் பாயும். நல்ல இருளில் மணிக்கு இருபது வரையில் காணலாம். இவை 1986-இல் சூரியனை நெருங்கிச் சென்ற ஹேலி வால்மீன் தன் பாதையில் உதிர்த்துவிட்டுப் போன துகள்கள், பெரும்பாலானவை மணலளவே. அந்த வால்மீன் மீண்டும் வருவது 2061-இல். அதுவரை காத்திருக்க இயலாத என் போன்றவர்களுக்கு இத்துகள்களாவது ஆண்டுதோறும் கிடைக்கின்றன. எரிமீன்கள் ஏன் விடியற்காலையில் மிகுதியாகத் தெரிகின்றன? மழையில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: நெஞ்சு நனையும் அளவுக்கு முதுகு நனையாது. பூமி சூரியனைச் சுற்றி ஓடும்போது அதன் நெஞ்சுப்பக்கம் விடியலை நோக்கிய பக்கமே. நள்ளிரவு கடந்த பின்னர் நாம் அந்தப் பக்கத்துக்கு வந்து சேர்கிறோம்.

இனி, இன்று நான் சொல்ல வந்த மனிதரைப் பற்றிக் கூறுகிறேன்.

ஜப்பானில் ஷிசுவோகா மாநிலத்தில் பியானோ தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த இளைஞர் காவோரு இக்கேயா. பல்கலைக்கழகம் சென்றவர் அல்லர். தொலைநோக்கி வாங்கப் பணமில்லாததால் தாமே ஒன்றைச் செய்தார். அதற்கு வேண்டிய குழியாடியைத் தம் கையாலேயே தேய்த்து எடுத்தார். இரண்டு தடித்த கண்ணாடி வட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நடுவே பொடியும் நீரும் இட்டு, மாதக்கணக்கில் தேய்த்தால் ஒன்று குழியும், மற்றது குவியும். குழிந்ததைப் பின்னர் மெருகேற்ற வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் உருவம் கலங்கிவிடும். மரத்தில் காயம் படாமல், பட்டையை ஒரே சீராகச் சீவி எடுக்கும் உங்கள் கைகளுக்கு இத்தகைய பொறுமையின் அருமையை நான் விளக்கத் தேவையில்லை.

அந்தக் கருவியுடன் அவர் வேலை நேரம் போக மற்ற நேரத்தில் வானத்தைத் துழாவினார். 1963 ஜனவரியில், பத்தொன்பது வயதில், அதுவரை எவரும் காணாத வால்மீன் ஒன்றைக் கண்டார். உலகம் அவர் பெயரையே அதற்குச் சூட்டியது. அடுத்த ஆண்டு மற்றொன்று. 1965 செப்டம்பர் 18 அன்று, புயல் ஒன்று கடந்து வானம் கழுவிவிட்டதுபோல் தெளிந்திருந்த விடியற்காலையில், மூன்றாவது ஒன்று அவர் கண்ணில் பட்டது. ஏறக்குறைய அதே வேளையில், கோச்சி நகரில், கித்தார் இசை கற்பிக்கும் ஆசிரியரான சுத்தோமு செக்கி என்பவரும் அதையே கண்டார். இருவரும் ஒருவரையொருவர் கலந்துகொண்டவர்கள் அல்லர். ஆகவே அந்த வால்மீன் இக்கேயா–செக்கி என்று இருவர் பெயரையும் தாங்கியது.

அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அது சூரியப் பரப்பிலிருந்து ஏறக்குறைய நான்கரை லட்சம் கிலோமீட்டர் தொலைவில் சென்றது. பூமிக்கும் நிலவுக்கும் உள்ள இடைவெளியைவிட அது சற்றே அதிகம். அவ்வளவு நெருக்கத்தில் அந்த வால்மீன் துண்டுகளாக உடைந்தது. பட்டப்பகலிலேயே சூரியனுக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஒளிர்ந்தது. அதன்பின், அம்மாத இறுதியிலும் நவம்பர் தொடக்கத்திலும், விடியலுக்கு முன் கிழக்கு வானில் அதன் நீண்ட வால் ஒளிக்கற்றைபோல் எழுந்து நின்றது. அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய வால்மீன்களுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. அதனை முதலில் கண்டு உலகுக்கு அறிவித்தவர்கள் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளியும் ஓர் இசை ஆசிரியரும் என்பதை இங்குள்ள இளைஞர்கள் மனத்தில் கொள்ளவேண்டும்.

இக்கேயா ஏன் விடியற்காலையில் தேடினார்? வால்மீன் என்பது பனிக்கட்டியும் தூசும் கலந்த உருண்டை. சூரியனை நெருங்கும்போதுதான் அது ஆவியாகி ஒளிவிடுகிறது. ஆகவே புதிய வால்மீன்களைச் சூரியன் உதிக்கப் போகும் திசையிலும், மறைந்த திசையிலும் தேடுவதே முறை. அவர் பின்னாளில் தொலைநோக்கி ஆடிகள் செய்வதில் பெயர்பெற்ற வினைஞர் ஆனார், வானத்தை விடவில்லை. 2002-இல் அவரும் சீன நாட்டவர் ஒருவரும் கண்ட வால்மீன், 1661-இல் வந்து சென்ற வால்மீனே மீண்டும் வந்தது என்று கணக்கிட்டு அறியப்பட்டது. 2010 நவம்பரில், அறுபத்தேழு வயதில், மீண்டும் ஒரு விடியற்காலையில், கண்ணைத் தொலைநோக்கியில் பதித்தவாறே இன்னொன்றைக் கண்டார். தானியங்கிக் கருவிகள் இரவெல்லாம் வானைப் படமெடுத்துத் துருவும் காலம் அது. இன்று பெரும்பாலான வால்மீன்களை அத்தகைய கருவிகளே கண்டுபிடிக்கின்றன என்பது உண்மை. எனினும் 2023 ஆகஸ்டில் ஹிதேயோ நிஷிமுரா என்ற ஜப்பானிய ஆர்வலர், கடையில் கிடைக்கும் ஒளிப்படக் கருவியால் விடியற்கால வானைப் படமெடுத்து ஒரு வால்மீனைக் கண்டார்.

வால்மீன் தோன்றினால் அரசனுக்கு ஆகாது, ஊருக்குக் கொள்ளைநோய் வரும் என்ற அச்சம் நம்மவரிடையே இன்றும் அற்றுப் போகவில்லை. படித்த நாடுகள் எனப் பெயர் பெற்றவையும் இதற்கு விலக்கல்ல. 1910-இல் ஹேலி வால்மீனின் வாலில் நச்சு வாயு இருக்கிறது என்ற செய்தி பரவியபோது, மேனாடுகளில் அதற்கு மாற்று மருந்து என்று மாத்திரை விற்றுப் பணம் பண்ணியவர்கள் இருந்தார்கள். வானத்தை அறியாதவரின் அச்சத்தில் பிறர் வயிறு வளர்ப்பர். 2024 செப்டம்பர் இறுதியில் விடியலுக்கு முன்னும், அக்டோபரில் அந்தி வேளையிலும் ஒரு வால்மீன் வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது. இனி ஒன்று தெரியும்போது, அதைக் கண்டு பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துச் சென்று கதவடைக்காமல், அவர்களை எழுப்பி வாசலுக்கு அழைத்து வாருங்கள்.

இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. நெற்றி விளக்கைச் சற்றே அணைத்துவிட்டு, இருபது நிமிடம் கண்களை இருளுக்குப் பழக்குங்கள். முதல் நிமிடத்தில் தெரிந்ததைவிடப் பன்மடங்கு விண்மீன்கள் தெரியும். கைத்தொலைபேசியை ஒருமுறை பார்த்தால் அந்தப் பழக்கம் கெட்டுவிடும். விளக்கு வேண்டுமானால் அதன்மேல் சிவப்புத் தாளைச் சுற்றிக்கொள்ளலாம். மரத்தடிக்குச் சென்றபின் விளக்கை அணைக்க வேண்டாம். உளியும் பாம்பும் உள்ள இடத்தில் வானவியல் கூடாது; வீட்டு வாசலும் பெரட்டுக் களமும் போதும். பிள்ளைகள் ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் நாள், மணி, திசை, கண்டது ஆகிய நான்கையும் எழுதி வரட்டும். இவ்வாறு எளியவர்கள் எழுதிய குறிப்புகள் வீண்போவதில்லை. 2019 இறுதியிலிருந்து திருவாதிரை வழக்கத்துக்கு மாறாக மங்கியது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மிகவும் மங்கி, பின் தெளிந்தது. அந்த விண்மீன் தானே வெளியேற்றிய வாயு, தூசாகித் தன் முகத்தை மறைத்ததே காரணம் என்று அறிஞர்கள் விளக்கினார்கள். அம்மங்கலை நாள்தோறும் மதிப்பிட்டு எழுதியவர்களுள் பல நாட்டு ஆர்வலர்கள் இருந்தனர். அத்தகையோரின் குறிப்புகளைத் திரட்டுவதற்கென்றே அமெரிக்காவில் ஒரு சங்கம் 1911 முதல் இயங்கி வருகிறது.

இரட்டைக்குழல் தொலைநோக்கி கையில் கிடைத்தால் கார்த்திகைக் கொத்தை நோக்குங்கள். ஆறு மீன்கள் பல மடங்காகப் பெருகும். ஆனால் சூரியன் உதிக்கும் முன்பே கருவியை உறைக்குள் வைத்துவிட வேண்டும். அதன் வழியாகச் சூரியனை ஒரு நொடி பார்த்தாலும் கண் நிரந்தரமாகக் கெடும். பிள்ளைகள் கையில் கொடுக்கும் பெற்றோர் இதில் கண்டிப்பாக இருத்தல் வேண்டும்.

சில வேளைகளில், மின்னாமல் சிமிட்டாமல் சீராக நகரும் ஒளிப்புள்ளியைக் காண்பீர்கள். அது செயற்கைக்கோள். மிகவும் பிரகாசமாக நகர்வது அனைத்துலக விண்வெளி நிலையமாக இருக்கலாம். 2007 அக்டோபரில் நம் நாட்டின் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸாபர் ஷுக்கோர் சென்று தங்கிவந்த இடம் அதுவே. 2019 முதல், விளக்குச் சரம்போல் பல புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதும் உண்டு. இணையச் சேவைக்காகக் கூட்டமாக ஏவப்படும் செயற்கைக்கோள்கள் அவை. ஆவியென்றும் அபசகுனமென்றும் எண்ணிக் கலங்க வேண்டாம்.

தோட்டத்துக்கு மின்விளக்கு வந்ததை நாம் மகிழ்ந்து வரவேற்றோம். அதற்காகப் பாடுபட்டவர்களும் உங்களிடையே உண்டு. அவ்விளக்கு தரையை நோக்கினால் வழி தெரியும். வானை நோக்கினால் எவருக்கும் பயனில்லை. புதிய விளக்குகள் பொருத்தும்போது மேலே ஒரு மூடி இட்டுத் தரும்படி நிர்வாகத்தைக் கேட்பதில் தவறில்லை. மின்கட்டணமும் வீணாகாது, வாசலில் வானமும் எஞ்சும்.

கார்த்திகைத் தீபத்தன்று இல்லங்களில் அகல் ஏற்றுவீர்கள். அன்று மாலை, விளக்கேற்றி முடிந்ததும் பிள்ளைகளுடன் கிழக்கே பாருங்கள். எழுந்து வரும் முழுநிலவுக்கு அருகில்தான் கார்த்திகைக் கொத்து இருக்கும். நிலவொளி மிகுந்திருப்பதால் எளிதில் தெரியாது. கையை நீட்டி, நிலவைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு தேடுங்கள். எத்தனை மீன்களை எண்ண முடிந்தது என்பதை மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதி, அடுத்த முறை நான் வரும்போது எனக்குக் காட்ட வேண்டும்.